கட்டிலை விட்டுக்கொடுத்தவர்

(திருவதிகையில் கூடிய மருத்துவமனை ஆதரவாளர் கூட்டத்தில் நமது மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)



வெயிலையும் பாராமல் கெடிலக் கரையிலுள்ள இந்த ஊருக்கு வந்து சேர்ந்திருக்கிறீர்கள். வந்தவர்களில் பலர் கைநிறைய அரிசிப் பையும், பலாப்பழமும், பழைய வேட்டி புடவைகளும் கொண்டுவந்து வராந்தாவில் வைத்திருப்பதைக் கண்டோம். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

கடந்த சில மாதங்களாக உங்களில் அநேகர் எங்களுக்கு ஒரே கேள்வியை எழுதி வருகிறீர்கள். "நமது மருத்துவமனை ஏன் ஒரு முதியோர் இல்லம் தொடங்கக்கூடாது?" என்பதே அது. சிலர் பணம் தருவதாகவும், ஒரு குடும்பத்தார் நிலம் தருவதாகவும் எழுதியிருக்கிறார்கள். பதில் சொல்லுமுன், திருச்சபை இந்தப் பணிக்கு எப்படி வந்தது, யார் தொடங்கினார்கள், எப்படி நடத்தினார்கள் என்பதைச் சற்றுத் திரும்பிப் பார்க்க விரும்புகிறோம். அதற்கும் முன்பாக, எங்கள் வார்டில் இருந்த ஒரு ஆயாவைப்பற்றிச் சொல்லவேண்டும்.

ஒன்பதாம் கட்டில்

'தானே' புயல் 2011 டிசம்பர் 30ஆம் தேதி நம்முடைய கரையைக் கடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். ஒரே இரவில் பண்ருட்டி வட்டாரத்து முந்திரித் தோப்புகளும் பலா மரங்களும் வேரோடு சாய்ந்தன. முந்திரி மறுபடி காய்க்க வருஷங்கள் ஆகும். அதுவரை தோப்பை நம்பியிருந்த பிள்ளைகள் சென்னைக்கும் திருப்பூருக்கும் போனார்கள். வயதானவர்கள் வீட்டில் தங்கினார்கள்.

அப்படித் தங்கின ஒரு ஆயா, புயலுக்குப் பின் மூன்றாம் வருஷத்தில், கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து எங்களிடம் வந்தார். மகன்தான் கொண்டுவந்து சேர்த்தார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மூன்றாம் நாள் மகன், பணம் புரட்டிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லிப் போனார். அதற்குப் பிறகு வரவில்லை. சேர்க்கைப் படிவத்தில் இருந்த எண்ணுக்கு இரண்டு நாள் போன் செய்தோம். யாரோ எடுத்து, தவறான எண் என்றார்கள். நாங்களும் விட்டுவிட்டோம்.

ஆயாவின் விரல்கள் கறுத்துப்போயிருக்கும். வாழ்நாள் முழுவதும் முந்திரிக்கொட்டை உடைத்த கை. அந்தக் கொட்டையின் எண்ணெய் தோலைத் தின்றுவிடும் என்பது இந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். நடக்க ஆரம்பித்த நாளிலிருந்து அவர் நர்சுகளிடம் ஓயாமல் கேட்பார்: "சும்மா குந்திக்கிட்டு இருக்கறதுக்கா என்னைப் பொழைக்க வச்சீங்க? ரெண்டு கொட்டை குடு தாயி, ஒடைச்சுத் தரேன்." மகனைப்பற்றிக் கேட்டால் ஒரே வார்த்தைதான்: "வருவான்."

நாற்பது நாள் ஆயிற்று. வார்டில் இடமில்லை. வெளியே நோயாளிகள் பாயில் படுத்திருந்தார்கள். கமிட்டி கூடியது. நாங்களும் அந்தக் கமிட்டியில் இருந்தோம். பதிவேட்டில் அவர் பெயருக்கு எதிரே 'ஆதரவற்றவர்' என்று எழுதி, ஐந்து மணி நேரப் பிரயாணத்தில் இருக்கும் ஒரு முதியோர் இல்லத்துக்கு அனுப்பி வைத்தோம். வண்டியில் ஏற்றும்போதும் அவர், "வருவான், வந்தா சொல்லுங்க" என்றார். ஒரு தாயின் பேதைமை என்று நாங்கள் மனதுக்குள் பரிதாபப்பட்டோம். ஜெபித்து அனுப்பினோம். கதையை இங்கே நிறுத்திக்கொள்கிறோம். பிறகு தொடருவோம்.

திறந்திருந்த வாசல்

நாம் கூடியிருக்கும் இந்த ஊருக்கே இந்த விஷயத்தில் ஒரு நினைவு உண்டு. சைவ அன்பர்கள் போற்றும் பெரியபுராணம் அதைச் சொல்லுகிறது. பக்கத்துத் திருவாமூரில் பிறந்த திருநாவுக்கரசர், இந்நாளில் கடலூரின் பகுதியாயிருக்கிற பாடலிபுத்திரத்தில் வேறு சமயத்தாரோடு இருந்தபோது, கொடிய சூலை நோயினால் துன்பப்பட்டார். மருந்தும் மந்திரமும் பலிக்காதபோது, இரவோடு இரவாகத் தம் தமக்கை திலகவதியாரைத் தேடி இந்தத் திருவதிகைக்கு வந்தார். தம்பி தம்மை விட்டுப் போனவர்தான். ஆயினும் தமக்கையின் மடத்தின் வாசல் அவருக்குத் திறந்திருந்தது. நாம் வேறு விசுவாசத்தைச் சேர்ந்தவர்கள். ஆனாலும் நோயுற்றவர் உறவைத் தேடி வருவதும், உறவு அவரை ஏற்பதும் இந்த மண் அறிந்த தர்மம் என்பதை மறுக்கமாட்டோம். எங்கோ இருக்கிற ஒரு நிறுவனத்தை அவர் தேடிப் போகவில்லை. தம் அக்காளைத் தேடி வந்தார்.

வேதம் வைத்த வரிசை

ஆதித் திருச்சபையின் முதல் உள்சண்டையே வயதான விதவைகளைப்பற்றியதுதான். அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரத்தை வாசியுங்கள். அன்றாடப் பந்தியில் கிரேக்கம் பேசின விதவைகள் விடுபட்டுப் போனார்கள் என்ற முறுமுறுப்பு எழுந்தது. அதைத் தீர்க்க ஏழு பேர் தெரிந்துகொள்ளப்பட்டார்கள். முதல் இரத்தசாட்சியான ஸ்தேவான் அவர்களில் ஒருவர். அவர் முதலாவது ஏற்ற வேலை கிழவிகளுக்குச் சோறு பங்கிடுவது.

பவுல் அப்போஸ்தலன் தீமோத்தேயுவுக்கு எழுதின முதல் நிருபத்தின் ஐந்தாம் அதிகாரம் இன்னும் நுட்பமானது. சபை ஆதரிக்கவேண்டிய விதவைகளின் பதிவுக்கு அறுபது வயது என்ற வரம்பை அங்கே காண்கிறோம். ஆனால் அதற்கு முன்பே ஒரு வரிசையை அவர் வைத்துவிடுகிறார். பிள்ளைகளும் பேரன்மாரும் இருந்தால் அவர்களே முதலாவது பெற்றோருக்குரிய நன்றிக்கடனைச் செலுத்தக் கற்றுக்கொள்ளட்டும். உண்மையாகவே தனித்து விடப்பட்டவர்களைச் சபை தாங்கட்டும். முதலாவது வீடு, பிறகு சபை.

நம்முடைய ஆண்டவரோ இன்னும் கூர்மையாகப் பேசினார். மாற்கு ஏழாம் அதிகாரத்தில், தாய் தகப்பனுக்குக் கொடுக்கவேண்டியதைக் 'கொர்பான்', அதாவது காணிக்கை என்று சொல்லிப் பெற்றோரைக் கைவிடும் வழக்கத்தை அவர் கடிந்துகொண்டார். காணிக்கை கேட்கும் மேடையில் நின்று இதைச் சொல்வது எங்களுக்கும் சற்றுக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

நான்காம் நூற்றாண்டில் பஞ்சம் வந்தபோது பசிலியு என்ற பேராயர், செசரியா பட்டணத்துக்கு வெளியே நோயாளிகளுக்கும் ஏழைகளுக்கும் ஒரு பெரிய விடுதியை அமைத்தார். பின்பு கிழக்கத்தியத் திருச்சபையில் முதியோருக்கென்றே இல்லங்கள் எழுந்தன. மருத்துவமனையும் முதியோர் இல்லமும் ஆதியில் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

நம்முடைய தமிழ்நாட்டிலும் அதற்குச் சாட்சி உண்டு. 1780இல் ஹைதர் அலியின் படை கர்நாடகத்துக்குள் இறங்கியது. 1781 ஜூலை முதல் தேதி நம்முடைய பரங்கிப்பேட்டையில் பெரும் போர் நடந்தது. யுத்தத்தாலும் பஞ்சத்தாலும் ஊரை விட்டு ஓடின ஜனங்கள் சென்னையில் குவிந்தார்கள். அவர்களுக்குக் கஞ்சி ஊற்றுவதற்காக 1782இல் ஏற்பட்டதுதான் மணியக்காரர் சத்திரம். அங்கே 1799இல் ஜான் அண்டர்வுட் என்ற மருத்துவர் நோயாளிகளுக்கு வைத்தியசாலை வைத்தார். அந்த வைத்தியசாலையே பிற்காலத்தில் ஸ்டான்லி மருத்துவமனையாக வளர்ந்தது. பழைய சென்னைவாசிகள் அதைக் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்றே சொல்லுவார்கள். சத்திரமோ வயதானவர்களின் புகலிடமாக நிலைத்தது. ஒரே கஞ்சிப் பானையிலிருந்து ஆஸ்பத்திரியும் முதியோர் இல்லமும் பிறந்தன.

ஒரு வேலைக்காரப் பெண்

இனி எங்கள் உரையின் மையத்துக்கு வருகிறோம். முதியோர் இல்லங்களின் சரித்திரத்தில் நாங்கள் வாசித்தவற்றுள் எங்களை மிகவும் அசைத்தது ஒரு வேலைக்காரப் பெண்ணின் சரித்திரம். அவர் கத்தோலிக்கர். நாம் லுத்தரன் சபையார். நல்ல காரியத்தைக் கற்றுக்கொள்ள அது தடையல்ல.

ஜோன் ஜுகான் என்ற அந்த அம்மையார் 1792 அக்டோபர் 25ஆம் தேதி பிரான்ஸ் தேசத்தின் கான்கால் என்ற மீனவர் ஊரில் பிறந்தார். தகப்பனார் மீன்பிடிக்கப் போய்க் கடலோடு போனார். அப்போது பிள்ளைக்கு நாலு வயதுகூட நிறையவில்லை. தேவனாம்பட்டினத்திலும் பரங்கிப்பேட்டையிலும் உள்ளவர்களுக்கு அந்தக் குடும்பத்தின் நிலையை நாங்கள் விவரிக்கத் தேவையில்லை. பதினாறு வயதுக்குள் ஒரு வீட்டில் சமையல் வேலைக்குப் போனார். பிறகு சேன்-செர்வான் என்ற ஊரின் ஆஸ்பத்திரியில் ஊழியம் செய்தார். அதன்பின் வயதான ஒரு சீமாட்டிக்குப் பணிவிடை செய்தார். அந்த அம்மாளும் இறந்த பிறகு, தம்மைவிட மூத்த ஒரு தோழியோடு மாடியில் சிறு வாடகை வீடு எடுத்துத் தங்கினார்.

1839ஆம் ஆண்டு குளிர்காலம். ஜோனுக்கு 47 வயது. ஆன் ஷோவேன் என்ற விதவை, கண் தெரியாதவர், பாதி உடல் விழுந்துபோனவர், பார்ப்பாரின்றி இருந்தார். ஜோன் அவரைச் சுமந்துகொண்டு மாடிப்படி ஏறினார். தம்முடைய கட்டிலில் கிடத்தினார். தாம் மேலே பரணில் போய்ப் படுத்துக்கொண்டார். 'ஏழைகளின் சிறிய சகோதரிகள்' என்ற சபையின் ஆரம்பம் அதுதான். கமிட்டியும் இல்லை, நிலமும் இல்லை. ஒரு கட்டில் இருந்தது. அதற்குச் சொந்தக்காரி எழுந்து இடம் விட்டார்.

பிறகு இன்னொருவர் வந்தார். 1841இல் பன்னிரண்டு பேர் தங்கக்கூடிய கீழ்வீடு ஒன்றுக்கு மாறினார்கள். அடுத்த ஆண்டு பழைய மடம் ஒன்றை வாங்கினார்கள். சாப்பாட்டுக்கு என்ன செய்தார்கள்? அந்த மூதாட்டிகளில் பலர் வீதியில் பிச்சை எடுத்துப் பிழைத்தவர்கள். ஜோன் அவர்களிடம், உங்களுக்கு யார் யார் கொடுப்பார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். ஒரு கூடையை எடுத்துக்கொண்டு, அவர்களுக்குப் பதிலாகத் தாமே அந்த வீடுகளுக்குப் போய் நின்றார். அவர்களுடைய வெட்கத்தைத் தாம் ஏற்றுக்கொண்டார். உடம்பு இடங்கொடுத்த மூதாட்டிகள் நூல் நூற்றார்கள். சும்மா உட்கார வைத்துச் சோறு போடுவது மட்டும் உபசாரமாகாது என்பதை அவர் அறிந்திருந்தார். முதியோர் உண்ட பிறகு மீந்ததையே ஆரம்ப காலச் சகோதரிகள் உண்டார்கள். மற்ற மூன்று வார்த்தைப்பாடுகளோடு நான்காவதாக ஒன்றையும் அவர்கள் கொடுக்கிறார்கள். அது விருந்தோம்பல். திருவள்ளுவர் ஓர் அதிகாரமே ஒதுக்கின விருந்தோம்பல்தான். இல்லத்துக்கு வரும் முதியவர் அங்கே விருந்தாளி.

இதற்குப்பின் நடந்தது வேதனையானது. 1843இல் சகோதரிகள் ஜோனையே தலைவியாகத் தெரிந்துகொண்டார்கள். ஆனால் அவர்களுக்கு ஆலோசகராயிருந்த குருவானவர் அதைத் தள்ளிவிட்டு, இளையவர் ஒருவரை நியமித்தார். சபையை நிறுவியவர் தாமே என்றும் எண்ணச் செய்தார். 1852இல் ஜோன் தாய்மடத்துக்குத் திருப்பி அழைக்கப்பட்டார். அங்கே 27 ஆண்டுகள், பதவியும் பொறுப்பும் இன்றி, மற்றவர்களில் ஒருவராக வாழ்ந்தார். புதிதாகச் சேர்ந்த பெண்களுக்கு, தங்களோடு உட்கார்ந்திருக்கும் இந்தக் கிழவிதான் ஸ்தாபகர் என்று தெரியாது. 1879 ஆகஸ்டு 29ஆம் தேதி, 86ஆம் வயதில் மரித்தார். அப்போது சபையில் ஏறக்குறைய 2,400 சகோதரிகள் இருந்தார்கள். உண்மை பின்னாளில் வெளிவந்தது. 2009 அக்டோபர் 11ஆம் தேதி கத்தோலிக்கத் திருச்சபை அவரைப் புனிதர் என்று அறிவித்தது. தொழுநோயாளிகளிடையே உயிர்விட்ட தமியான் அடிகளாரையும் அன்றே அவ்வாறு அறிவித்தது.

அவர் மரித்த மூன்றாம் ஆண்டில், 1882இல், அந்தச் சகோதரிகள் கல்கத்தாவில் வந்து இறங்கினார்கள். 1888இல் கொழும்பில் தொடங்கினார்கள். பெங்களூரிலும் சென்னையிலும் அவர்களுடைய இல்லங்கள் ஏற்பட்டன. சாதி, மதம் பாராமல் ஏழை முதியோரை ஏற்பது அவர்கள் முறை.

வந்த மகன்

இப்போது அந்த ஆயாவின் கதைக்குத் திரும்புகிறோம்.

நாங்கள் அவரை அனுப்பி மூன்று மாதம் சென்ற பிறகு, ஒரு காலையில் சிற்றாலயத்தின் வாசலில் ஒருவர் வந்து நின்றார். கையில் ஒரு துணிக்கடைப் பை. "எங்கம்மா ஒம்பதாம் நம்பர் கட்டில்ல இருந்தாங்க ஐயா" என்றார். திருப்பூரில் ஒரே அறையில் எட்டுப் பேரோடு தங்கி, சாயப்பட்டறையில் வேலை செய்து, மருத்துவமனைப் பாக்கிக்குப் பணம் சேர்த்துக்கொண்டு வந்திருந்தார். அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் போனாராம். தகவல் சொல்லப் பக்கத்து வீட்டுக்காரர் எண்ணைக் கொடுத்துவிட்டும் போயிருந்தார். படிவத்தை எடுத்துப் பார்த்தோம். எங்கள் அலுவலகத்தில் எழுதினபோது ஓர் இலக்கம் மாறியிருந்தது. நடுவில் ஒருமுறை அவர் மருத்துவமனைக்குப் போன் செய்தபோது, அப்படி யாரும் வார்டில் இல்லை என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

ஆயா அதற்கு இரண்டு வாரம் முன்பு அந்த இல்லத்தில் இறந்துபோயிருந்தார். இல்லத்தாரின்மேல் ஒரு குறையும் சொல்லமாட்டோம். நன்றாகப் பார்த்துக்கொண்டார்கள், கௌரவமாக அடக்கம் செய்தார்கள். குறை எங்களுடையது. "வருவான்" என்று அவர் நாற்பது நாள் சொன்னார். நாங்கள் நம்பவில்லை. ஊருக்கு ஓர் ஆளை அனுப்பி விசாரித்திருந்தால் ஒரு மணி நேரத்தில் தெரிந்திருக்கும். அனுப்பின பிறகு ஒரு தடவைகூடப் போய்ப் பார்க்கவும் இல்லை. மகன் இருக்கும் ஒரு தாயை 'ஆதரவற்றவர்' என்று நாங்களே எங்கள் கையால் எழுதினோம்.

மகன் எங்களைத் திட்டவில்லை. வெகுநேரம் பெஞ்சியில் உட்கார்ந்திருந்தார். பையில் இருந்தது ஒரு சுங்குடிப் புடவை. போகும்போது அதை வார்டிலிருந்த வேறொரு ஆயாவிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

நாங்கள் கேட்பது

ஆகையால் உங்கள் கேள்விக்கு எங்கள் பதில் இதுதான். வேண்டும், ஆனால் பெரிய கட்டடத்தோடு தொடங்கவேண்டாம். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படியே தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேருக்குமேல் அறுபது வயதைக் கடந்தவர்கள். தேவை பெரிதுதான். பெற்றோர் பராமரிப்புச் சட்டம் 2007இல் வந்தது. பிள்ளைகளிடமிருந்து ஜீவனாம்சம் பெற முதியோர் தீர்ப்பாயத்தில் மனுச் செய்யலாம் என்றும், ஆதரவற்ற முதியோர் 150 பேருக்காவது இடமுள்ள இல்லம் மாவட்டந்தோறும் அமைக்கப்படலாம் என்றும் அது சொல்லுகிறது. அதைப்பற்றி வார்டில் விளக்கிச் சொல்லவும் நாங்கள் ஏற்பாடு செய்திருக்கிறோம். ஆனால் கட்டடம் எழும்புகிற வேகத்தில் உறவு அறுந்துபோகக்கூடாது. இல்லம் என்று ஒன்று இருந்தால், அனுப்பிவிடுவது எங்களுக்கும் சுலபமாகிவிடும், பிள்ளைகளுக்கும் சுலபமாகிவிடும். அந்த ஆபத்தை நாங்கள் அனுபவத்தில் கற்றோம்.

எனவே மூன்று காரியங்களைக் கேட்கிறோம்.

முதலாவது, பழைய பிரசவ வார்டின் இரண்டு அறைகளில் ஆறு கட்டில்கள். சிகிச்சை முடிந்தும் போக இடமில்லாத முதியோர் அங்கே தங்குவார்கள். ஊர் பக்கத்தில் இருக்கும், மகனோ மகளோ தேடி வந்தால் கண்டுபிடிக்க முடியும். கை வேலை கேட்பவர்களுக்கு வேலையும் இருக்கும்.

இரண்டாவது, ஒவ்வொரு சபையிலிருந்தும் ஒரு ஆள். அந்த முதியவரின் கிராமத்துக்குப் போய் உறவினரைத் தேடவேண்டும். வேறு இல்லத்துக்கு அனுப்ப நேர்ந்தால் மாதம் ஒருமுறை போய்ப் பார்க்கவேண்டும். ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், தபால்காரர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். ஊர் ஊராய் விலாசம் தேடத் தெரிந்தவர்கள் உங்களைவிட யார்?

மூன்றாவது, அரிசியும் பருப்பும் துணியும். 1865இல் அந்தச் சகோதரிகளுக்கு நிரந்தர வருமானம் ஏற்பதா என்ற கேள்வி வந்தது. ஓரங்கட்டப்பட்டிருந்த வயதான ஜோனையும் அழைத்துக் கேட்டார்கள். வேண்டாம், தேவனுடைய பராமரிப்பையும் ஜனங்களின் அன்பையும் நம்பியிருப்போம் என்பதே அவர் எண்ணம். அப்படியே தீர்மானித்தார்கள். எங்கள் பொருளாளர் இதை முழுவதும் ஏற்றுக்கொள்ளமாட்டார் என்பது தெரியும், அவர் சிரிப்பதையும் பார்க்கிறோம். ஆயினும் அதில் ஒரு ஞானம் உண்டு. வங்கியில் வட்டி வந்தால் ஒருவரும் வாசலுக்கு வரமாட்டார்கள். அரிசிப் பை கொண்டுவருகிறவர் உள்ளே வந்து, "எப்படியிருக்கீங்க ஆயா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போவார்.

கடைசியாக ஒன்று. உங்களில் யாருக்காவது ஊரில் வயதான தாயோ தகப்பனோ இருந்து, பார்த்து வெகு நாளாகியிருந்தால், இன்று கொண்டுவந்த காணிக்கையை வராந்தாவிலேயே வைத்துவிட்டு, கடைசி பஸ் போகுமுன் அவர்களைப் பார்க்கப் புறப்படுங்கள். ஐக்கிய விருந்தில் உங்கள் இலை காலியாக இருந்தால் நாங்கள் வருத்தப்படமாட்டோம்.

முதிர்வயதுமட்டும் நம்மைத் தாங்குகிற தேவன் உங்களையும் உங்கள் வீட்டாரையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.